அந்த மரத்தின் பதினொரு விதைகள்

ஆகஸ்டு ஒன்பதாம் தேதி, வெள்ளிக்கிழமை, பகல் இரண்டு மணி பத்து நிமிடம். ஆண்டைச் சொல்லாமல் விடுகிறேன். மணியை இவ்வளவு துல்லியமாகச் சொல்ல முடிவதற்கு என் ஞாபகசக்தி காரணம் அல்ல. இரண்டேகால் பஸ்ஸைப் பிடிக்கவேண்டும் என்று அப்பா வாசலில் நின்றுகொண்டு நிமிடத்துக்கு ஒருமுறை மணியைச் சொல்லிக்கொண்டிருந்தார்.

நகாசியில் சின்னம்மாவின் பேரனுக்குக் காதுகுத்து. அப்பாவும் அம்மாவும் புறப்பட்டுக்கொண்டிருந்தார்கள். சுவாவில் இலக்கியம் படித்துக்கொண்டிருந்த நான், ஆகஸ்டு விடுமுறைக்காக சவேனியில் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தேன். அந்த நேரத்தில்தான் மெரெசெய்னி முற்றத்துக்குள் வந்தார்.

எங்கள் கரும்புத் தோட்டத்துக்கு மேலே, குன்றின்மீது இருக்கும் ஃபிஜியர் கிராமத்தைச் சேர்ந்தவர் மெரெசெய்னி. அம்மாவுக்கு இருபது வருடச் சிநேகிதி. என்னைவிட நன்றாக எங்கள் ஊர் இந்தி பேசுவார். கணவர் இறந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. கறுப்பு உடையில் இருந்தார். கையில் ஒரு புகையிலை டப்பா.

"இது அவர் எடுத்துவைத்தது," என்று டப்பாவை அம்மாவிடம் நீட்டினார்.

அதற்குள் பதினொரு விதைகள். கரும்பழுப்பு நிறம், பெரிய காசு அளவு, தட்டையாக, விளிம்பு கோணலாக. ஒன்றோடொன்று மோதும்போது ஓட்டுச் சில்லுகளைக் குலுக்கியதுபோல் சத்தம் கேட்டது.

அந்த வருடத் தொடக்கத்துப் புயலில் அவர்களுடைய கிறிஸ்தவக் கோயிலுக்குப் பின்னால் நின்ற பெரிய மரம் சாய்ந்துவிட்டது. கிராமத்தில் அந்த இனத்தில் இருந்தது அது ஒன்றுதான். சாய்ந்த கிளைகளிலிருந்து அவருடைய கணவர் இந்தப் பதினொன்றையும் பொறுக்கிவைத்தார். விதைப்பதற்குள் போய்ச் சேர்ந்துவிட்டார். அவர்கள் வழக்கப்படி நூறாம் இரவு கழிந்து கறுப்பைக் களைகிற அன்று, அவர் கல்லறையின் தலைமாட்டில் அதே மரத்தின் கன்றொன்றை நடவேண்டும் என்பது மெரெசெய்னியின் ஆசை. நூறாம் இரவுக்கு முப்பத்தேழு நாள் இருந்தது.

"பெஹன், உன் கை பட்டால் எதுவும் முளைக்கும். எனக்கு ஒன்று போதும்," என்றார். அம்மாவை அவர் சகோதரி என்றுதான் கூப்பிடுவார்.

அம்மா சாலையோரம் ஒரு சிறு நாற்றுப்பண்ணை வைத்திருந்தாள். பால்மாவு டப்பாக்களில் மரக்கன்று வளர்ப்பாள். டப்பாவை வாங்கி என் கையில் கொடுத்துவிட்டுச் செருப்பை மாட்டினாள்.

"டப்பாவுல வச்சா வேர்த்துப்பூடும். துணிப்பையில மாத்திப் பேரு எழுதிக் கட்டி வையி. வேற ஒண்ணும் செய்யாத, நான் வந்து அரம் போட்டுக்கிறேன். காலைல தூங்குமூஞ்சி வெதைக்கு மட்டும் வெந்நி ஊத்திடு."

"ரெண்டு பன்னெண்டு!" என்றார் அப்பா.

இடக்கரடக்கல்

ஃபிஜியர்கள் மிகவும் மதிக்கும் மரம் அது. தலைவர் வீட்டுத் தூணும், ஊரைக் கூட்டும் மரமுரசும், யங்கோனா பானம் கரைக்கும் பெரிய கிண்ணமும் அதில்தான் செய்வார்கள். அதன் பெயர் வெசி.

நான் குறிலில் எழுதியிருக்கிறேன். அவர்கள் வாயில் முதலெழுத்து நீண்டுதான் ஒலிக்கும். நீண்டால் தமிழ்க் காதுக்கு அது என்ன சொல்லாகிறது என்று இந்தப் பத்திரிகையின் வாசகர்களுக்கு நான் விளக்கவேண்டியதில்லை.

எங்கள் வீட்டில் அதற்கு "அந்த மரம்" என்று பெயர். அம்மா வேறு பெயர் சொல்லி நான் கேட்டதில்லை.

நான் தென்னிந்தியர் சங்கத்துப் பள்ளியில் படித்த காலத்தில், மரம் நடும் விழாவுக்கு ஃபிஜிய அதிகாரி ஒருவர் வந்தார். நல்ல மனிதர். எங்களுக்காக இந்தியிலேயே பேசினார். "ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு வேசி வேண்டும்," என்று தொடங்கினார். "பெரியவர்கள் அதை மதிக்கவேண்டும். பிள்ளைகள் தினமும் போய்ப் பார்த்துவர வேண்டும்." முன்வரிசையில் இருந்த சங்கத்துப் பெரியவர்கள் தரையைப் பார்த்தார்கள். பெண்கள் பக்கத்தில் எல்லா முந்தானையும் ஒரே நேரத்தில் வாய்க்குப் போயிற்று. இந்திக்காரப் பிள்ளைகள் மட்டும் என்ன நடக்கிறது என்று தெரியாமல் எங்களைத் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள்.

அவையில் சொல்லத் தகாததை வேறு சொல்லால் மறைத்துச் சொல்வதை இலக்கணத்தில் இடக்கரடக்கல் என்பார்கள். அந்தப் பள்ளியில் தமிழ் கற்பித்தவர் அப்பா. எனக்குப் பத்து வயதிலேயே அதைச் சொல்லிக்கொடுத்தார். எடுத்துக்காட்டு கேட்டபோது இருமினார்.

அந்த வெள்ளிக்கிழமை பெயர் எழுதுவதற்கு அட்டைத்துண்டும் பேனாவும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். ஒற்றைக்கொம்பு போட்டு எழுதினால் குற்றமில்லை. ஆனால் என் அண்ணன் பார்த்தால் அந்தக் கொம்பின் மேல் ஒரு சுழியைப் போட்டு வைப்பான். அவன் அப்படிச் செய்யக்கூடியவன். ஆங்கிலத்தில் எழுதலாம் என்றால் அம்மாவுக்குத் தமிழ் தவிர வேறு எழுத்து தெரியாது.

"அந்த மரம்" என்று எழுதிக் கட்டி, விதை அலமாரியின் முன்பக்கம் வைத்தேன். சுவாவில் என் கட்டுரைகளின் ஓரத்தில் பேராசிரியர் சிவப்பு மையில் அடிக்கடி எழுதும் குறிப்பு ஒன்று உண்டு: எதைச் சொல்கிறீர்கள் என்று சொல்லுங்கள். அன்று அது நினைவுக்கு வரவில்லை. அம்மாவுக்குப் புரியும், வேறு யார் படிக்கப் போகிறார்கள் என்றுதான் நினைத்தேன்.

மாவுச்சாக்குப் பைகள்

வேறு ஒருவர் படிக்கத் தொடங்கியிருந்தார்.

அண்ணி கமலா, பா நகரத்து வரதோலியிலிருந்து வந்தவள். இந்தி பேசும் குடும்பம். கல்யாணமாகி எட்டு மாதம். எங்கள் ஊர் இந்தியில் "என்ன?" என்பதற்குக் "கொஞ்சி?" என்று கேட்பார்கள். அண்ணி பேச்சுக்குப் பேச்சு அதைக் கேட்கும்போது அப்பாவுக்கு மட்டும் முகத்தில் ஒரு சிரிப்பு வந்து போகும்.

அவள் தமிழ் எழுத்தைக் கற்றுக்கொண்டது அம்மாவின் விதை அலமாரியில். கோதுமைமாவுச் சாக்கில் தைத்த பைகள் அங்கே வரிசையாக இருக்கும். வேம்பு, கொன்றை, சவுக்கு, தூங்குமூஞ்சி மரம். ஒவ்வொன்றையும் அவள் படம்போல மனத்தில் வைத்திருந்தாள். கடைசிப் பெயர் மிக நீளம் என்பதால் அதன் வாலை மட்டும் பிடித்துக்கொண்டாள். இரண்டு பக்கமும் பெட்டி, நடுவில் ஒரு கொக்கி. அப்படி முடிந்தால் அது தூங்குமூஞ்சி.

இந்த விதைகளைப் பற்றி இங்கே சொல்லவேண்டும். மேல்தோல் கெட்டியான விதைக்குள் தண்ணீர் இறங்காது. அப்படியே விதைத்தால் மண்ணுக்குள் மாதக்கணக்கில் கல்லாகக் கிடக்கும். தூங்குமூஞ்சி போன்ற சின்ன விதைக்கு அம்மா வெந்நீர் வைத்தியம் செய்வாள். தண்ணீரைக் கொதிக்கவிட்டு இறக்குவாள். கொதி அடங்கியதும் பையோடு விதையைத் தகர டப்பாவில் போட்டு ஊற்றிவிட்டு, அது தானாக ஆறும்வரை திரும்பிப் பார்க்கமாட்டாள். மறுநாள் உப்பியிருப்பதை விதைப்பாள். உப்பாததைக் கல்லில் தேய்ப்பாள்.

வெசிக்கு அது ஆகாது என்பது அம்மாவின் கணக்கு. விதை பெரியது, உள்ளே போன சூடு வெளியே வருவதற்குள் பருப்பு வெந்துவிடும் என்பாள். அதற்கு அவள் எடுப்பது, கரும்பு வெட்டும் கத்தியைத் தீட்டுகிற அரம். முளை இருக்கும் பக்கத்தை விட்டுவிட்டு எதிர்விளிம்பில் இரண்டு இழுப்பு. உள்ளே வெளுப்புத் தெரிந்ததும் நிறுத்திவிட்டு, ஒரு நாள் பச்சைத் தண்ணீரில் ஊறவைப்பாள்.

ஆறு மணி நாற்பது

மறுநாள் காலை ஆறு மணி நாற்பதுக்கு அடுப்படிக்கு வந்தேன். கரும்பு வெட்டுக் காலம். அண்ணன் விடியுமுன்பே போய்விட்டிருந்தான். அண்ணி என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

"போய்த் தூங்கு. உன் வேலையும் முடிஞ்சுபோச்சு," என்றாள் இந்தியில். "அவருக்குச் சோறு கட்ட அடுப்பு எரிஞ்சுகிட்டுத்தானே இருந்தது. அத்தை நேத்து உன்கிட்ட சொன்னாங்களே, அந்தப் பைக்கு வெந்நீர் ஊத்திட்டேன்."

அலமாரியைப் பார்த்தேன். தூங்குமூஞ்சிப் பை அதன் இடத்திலேயே இருந்தது.

"எந்தப் பைக்கு?"

"மரம்," என்றாள் தமிழில். "நானே படிச்சேன். யாரையும் கேக்கல."

தகரத்துக்குள் கையை விட்டுப் பையை எடுத்தேன். விரல் சுட்டதைப் பிறகுதான் உணர்ந்தேன். முடிச்சை அவிழ்த்தபோது வேகவைத்த கடலையின் வாசம் வந்தது. மூன்று விதைகளின் தோல் வெடித்து, உள்ளேயிருந்து கொழகொழவென்று ஏதோ பிதுங்கியிருந்தது. மற்ற எட்டும் முழுதாக இருந்தன. ஆனால் தோலுக்குள் உயிர் இருக்கிறதா என்று வெளியிலிருந்து பார்த்துச் சொல்ல முடியாது.

"கொஞ்சி? என்ன ஆச்சு?"

மெரெசெய்னி கொண்டுவந்தது என்று சொன்னேன்.

"விதை பெரிசா இருக்கேன்னு தொட்டுப் பாத்தப்பவே தோணிச்சு. நல்ல ஜாதி போலன்னு நினைச்சுட்டேன். ஐயோ, அந்த அம்மாவோட புருஷன் வச்சது. என் தப்பு. எல்லாம் என் தப்பு."

இல்லை, அட்டையில் பெயரை எழுதாதது நான் என்று அப்போது சொல்லியிருக்கவேண்டும். ஏன் எழுதவில்லை என்று அவள் கேட்பாள். மாலையில் அண்ணன் வந்து கேட்பான். மறுநாள் அப்பா முன்னிலையில் அதையே திரும்பச் சொல்லவேண்டியிருக்கும்.

"பரவாயில்லை அண்ணி," என்றேன்.

ஞாயிறு மாலை அம்மா வந்தாள். நான் வாய் திறப்பதற்குள் அண்ணி சொல்லிவிட்டாள். அம்மா அட்டையை எடுத்துப் பார்த்தாள்.

"பேரு ஒழுங்காத்தான எழுதியிருக்குது?" என்றாள் அம்மா. "படிக்கத் தெரியலன்னா கேக்கவேண்டியதுதான?"

அம்மாவைப் பொறுத்தவரை அந்த மரத்துக்கு அதுதான் பெயர். என் குற்றத்தைக் கண்டுபிடிக்கக்கூடிய ஒரே வாசகி, அதைப் பிழையில்லை என்று திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

"நிக்லா?"

எட்டு விதைகளையும் அம்மா திங்கட்கிழமை அரத்தால் தேய்த்து ஊறவைத்தாள். செவ்வாய்க்கிழமை எட்டு பால்மாவு டப்பாக்களில் விதைத்தாள். உயிரிருந்தால் பத்து நாளுக்குள் மண் விரிசல் விடும் என்றாள்.

எந்த எழுத்தையும் நான் அந்த எட்டு டப்பாக்களைப்போலக் கவனித்துப் படித்ததில்லை. காலையில் எழுந்ததும் போய்ப் பார்ப்பேன். புத்தகத்தை எடுத்துக்கொண்டு போய் அவற்றின் பக்கத்தில் உட்காருவேன், பக்கம் புரளாது. ஐந்தாம் நாள் கொண்டை ஊசியால் ஒரு டப்பாவின் மண்ணை மெல்ல விலக்கினேன்.

"தோண்டித் தோண்டிப் பாத்தா எதுதாண்டி மொளைக்கும்?" என்று பின்னாலிருந்து அம்மாவின் குரல் கேட்டது. "உன் காலேஜுல இதான் சொல்லிக்குடுக்கிறாங்களா?"

ஞாயிற்றுக்கிழமை கோயில் முடிந்து போகும்போது மெரெசெய்னி வேலியருகே நின்றார்.

"நிக்லா?" என்றார். வெளியே வந்ததா என்று அர்த்தம்.

"இன்னும் இல்லை," என்றாள் அம்மா. வெந்நீரைப் பற்றி யாரும் அவரிடம் சொல்லவில்லை.

"அவசரமில்லை பெஹன். அந்த மனிதரும் வெயில் முகத்தில் அடிக்காமல் ஒருநாளும் எழுந்ததில்லை," என்று சொல்லிச் சிரித்துவிட்டுப் போனார்.

அண்ணி உள்ளேயே இருந்தாள். மெரெசெய்னியின் குரல் கேட்டால் வெளியே வரமாட்டாள்.

வெள்ளிக்கிழமை அம்மா ஒவ்வொரு டப்பாவாக முகர்ந்து பார்த்தாள். ஆறில் அழுகல் வாடை. கவிழ்த்தபோது விதை விரலோடு குழைந்தது. இரண்டில் மட்டும் நாற்றம் இல்லை. முளையும் இல்லை.

அடுத்த ஞாயிறும் வேலியருகே அதே கேள்வி. அதே பதில். அந்த முறை மெரெசெய்னி சிரிக்கவில்லை. டப்பாக்கள் எட்டிலிருந்து இரண்டாகியிருந்ததை அவர் எண்ணிப் பார்த்ததைக் கண்டேன்.

வெந்நீர் ராணி

அன்று மாலை விளக்கேற்றியதும் சாப்பிட உட்கார்ந்தோம். அந்தப் பதினைந்து நாளும் அண்ணன் தன் மனைவியை "கரம் பானி ராணி" என்றே கூப்பிட்டுக்கொண்டிருந்தான். வெந்நீர் ராணி. அவனுக்கு அது வெறும் விளையாட்டு.

அண்ணி அவனுக்கு டீ வைத்தாள். ஒரு வாய் குடித்துவிட்டு எங்களைப் பார்த்துக் கண்ணடித்தான்.

"டீ என்னவோ நல்லாத்தான் இருக்குது. ஆனா ராணி கை பட்ட தண்ணி, இனிமே ஒண்ணும் மொளைக்காது."

இதை அவள் புரிந்துகொள்ளவேண்டும் என்று இந்தியிலும் ஒருமுறை சொன்னான். அவன் விதையைத்தான் சொன்னான். ஆனால் கல்யாணமாகி எட்டு மாதமான ஒரு பெண்ணிடம் அந்தப் பேச்சு வேறு இடத்தில் போய் விழுந்தது. அண்ணியின் கை சட்டியின் மேலேயே நின்றுவிட்டது. அம்மா தட்டைப் பார்த்தாள். அண்ணனுக்கும் அப்போதுதான் உறைத்திருக்கவேண்டும். சிரிப்பைப் பாதியில் விட்டான்.

"அண்ணி மேல தப்பு இல்ல," என்றேன். "அட்டையில பேரு எழுதாதது நான்."

"எழுதித்தான இருந்திச்சு," என்றாள் அம்மா.

"அந்த மரம்னு எழுதினேன். அது பேரு இல்லம்மா. வேசின்னு எழுதக் கூச்சப்பட்டுக்கிட்டு அப்படி எழுதினேன்."

அப்பா சோற்றைப் பிசைவதை நிறுத்தினார்.

"சோத்துக்கு முன்னாடி என்னா பேச்சுடி இது!"

"கொஞ்சி?" என்றாள் அண்ணி. "வேசி மரம்தானே? அதை எழுதுறதுக்கு என்ன?"

தமிழில் அது எதைக் குறிக்குமோ, அதற்கு இந்தியில் என்ன சொல்லோ அதையே நான் சொன்னேன். என் வாழ்க்கையில் அந்தச் சொல்லை நான் உச்சரித்தது அதுவே முதல்முறை. அப்பா எழுந்து கை கழுவப் போனார்.

அண்ணி சிரிப்பாள் என்று எதிர்பார்த்தேன். அவள் சிரிக்கவில்லை.

"இதுக்காகவா?" என்றாள். "இதுக்காகவா பதினைஞ்சு நாள் என்னைப் பாத்துக்கிட்டுச் சும்மா இருந்தே?"

தன் தட்டை எடுத்துக்கொண்டு போய்க் கழுவினாள். வெகுநேரம் கழுவினாள்.

மறுநாள் காலை

ஆகஸ்டு இருபத்தாறாம் தேதி காலை, இரண்டு டப்பாக்களையும் எடுத்துக்கொண்டு குன்றுக்குப் புறப்பட்டேன்.

"வெந்நி ஊத்தினதைச் சொல்லு. மத்ததை எப்படிடீ சொல்லுவே?" என்று அம்மா கேட்டாள். "அவங்களுக்கு அது சாமி மாதிரி."

பாதியைச் சொன்னால் பழி மறுபடியும் அண்ணி தலையில்தான் விழும் என்றேன். அண்ணி வந்து, இரண்டு டப்பாக்களும் சாயாதபடி ஒரு துணியில் சேர்த்துக் கட்டிக் கொடுத்தாள்.

மெரெசெய்னி வீட்டு வாசலில் பாய் பின்னிக்கொண்டிருந்தார். எதிரே தரையில் உட்கார்ந்தேன். பதினொன்றில் மூன்று வெடித்தன, ஆறு அழுகின, இவை இரண்டு மிச்சம் என்று வரிசையாகச் சொன்னேன். வெந்நீரைச் சொன்னேன். அட்டையைச் சொன்னேன். எங்கள் மொழியில் அந்தப் பெயர் எதைக் குறிக்கும் என்பதையும் சொன்னேன்.

அவர் பின்னலை நிறுத்திவிட்டார். கோயிலுக்குப் பின்னால் வெறுமையாகக் கிடந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் எழுந்து போய்விடலாமா என்று நினைத்தேன்.

"டிசம்பர் மாதம் உன் அம்மா உங்கள் மரத்தடியில் நின்றுகொண்டு என்ன சொல்லிக் கூவுவாள்?" என்று கேட்டார்.

எனக்குப் புரியவில்லை. "மாங்கா," என்றேன். "மாங்கா வேணுமா, வந்து எடுத்துக்கோங்க என்று கூப்பிடுவாள்."

"இன்னொரு முறை சொல்."

"மாங்கா."

அவர் உதட்டோரம் துடித்தது. என் பக்கம் குனிந்து, ஃபிஜிய மொழியில் அந்த ஒலிக்கு என்ன அர்த்தம் என்று காதோடு சொன்னார். அதை நான் இங்கே எழுதமாட்டேன்.

"இருபது வருடம்," என்றார். "உன் அம்மா ஊருக்கே கேட்கும்படி அதைக் கூவுவாள். என் மனிதர் வீட்டுக்குப் பின்னால் ஓடிப்போய் வயிற்றைப் பிடித்துக்கொள்வார். நான் சொல்லிவிடட்டுமா என்று ஒவ்வொரு வருடமும் கேட்பேன். சொல்லாதே, வெட்கப்பட்டுக்கொண்டு கூப்பிடாமல் விட்டுவிடுவாள், பழம் கிடைக்காது என்பார்."

சத்தமாகச் சிரித்தார். சிரிப்பு பாதியில் வேறாக மாறியது. கறுப்புப் பாவாடையின் ஓரத்தால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

பிறகு கட்டை அவிழ்த்து இரண்டு டப்பாக்களின் மண்ணையும் விரலால் தொட்டார்.

"இவை உயிரோடு இருக்கின்றனவா?"

"தெரியாது," என்றேன். அன்று நான் சொன்னவற்றில் மிகவும் கடினமான சொல் அதுதான்.

"இன்னும் இருபது நாள் இருக்கிறது. வந்தாலும் வராவிட்டாலும் டப்பாவோடு கொண்டுபோய் அவர் தலைமாட்டில் வைப்பேன். அவர் பொறுக்கிவைத்த விதை, வேறெங்கே போகும்?"

எழுந்து உள்ளே போய்க் குவளையில் தண்ணீர் கொண்டுவந்தார். டப்பாவின் மேல் சாய்க்கப் போனவர் நிறுத்தி, தன் விரலை அதில் விட்டுப் பார்த்தார். பிறகு குவளையை என்னிடம் நீட்டினார்.

"தண்டா ஹை," என்றார், முகத்தைக் கடுமையாக வைத்துக்கொண்டு. "குளிர்ந்த தண்ணீர். நீயும் பார்த்துக்கொள்."

நானும் விரலை விட்டுப் பார்த்தேன். குளிர்ந்துதான் இருந்தது. இரண்டு டப்பாக்களுக்கும் ஊற்றினேன்.